மடிநோயின் கதை: பெனிசிலின் ட்யூபிலிருந்து கற்றாழை வரை

சாக்கோட்டைன்னு சொன்னா பாதிப் பேர் கும்பகோணம் பக்கமான்னு கேப்பாங்க. அது வேற சாக்கோட்டை. எங்க ஊர் காரைக்குடிக்குப் பக்கத்துல, வீரசேகரர் உமையாம்பிகை கோயில் இருக்கிற சாக்கோட்டை. செம்மண் பூமி. கண்மாய் நிறைஞ்சா ஒரு போகம் நெல்லு, நிறையலைன்னா மாடுதான் சோறு போடும்.

சென்னையில இருக்கிற என் அக்கா மகன் போன மாசம் போன்ல கேட்டான். "மாமா, இங்க ஒரு கம்பெனி 'ஆன்டிபயாடிக் இல்லாத பால்'னு போட்டு லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல விக்கிறான். அந்தக் காலத்துல எல்லாப் பாலுமே அப்படித்தான இருந்துச்சு? நடுவுல யாரு கெடுத்தது?" போன்ல சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. நூறு வருஷத்துக் கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கறவை மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போடுவதற்கு உலகம் முழுக்க முதல் காரணம் மடிநோய்தான். மடிவீக்கம்னும் சொல்லுவாங்க. காம்புத் துவாரம் வழியா கிருமி உள்ளே போய் மடி வீங்கிப் போகும். தொட்டா சுடும், மாடு உதைக்கும். பால் திரிதிரியா வரும், சில சமயம் தண்ணியா, சில சமயம் ரத்தம் கலந்து. கவனிக்காம விட்டா அந்தக் காம்பு அடைஞ்சு போகும். சந்தையில மாடு பிடிக்க வர்றவங்க முதல்ல குனிஞ்சு நாலு காம்பையும் பீய்ச்சிப் பாக்குறது இதுக்குத்தான். மூணு காம்பு மாடுன்னு தெரிஞ்சா அப்படியே நகர்ந்துடுவாங்க, இல்ல அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. ரெண்டு மாடு வச்சிருக்கிற வீட்டுக்கு ஒரு மாட்டுல மடிநோய் வந்தா பாதி வருமானம் போச்சுன்னு அர்த்தம்.

பழைய காலத்துல இது இல்லையா? இருந்தது. ஆனா குறைவு. காரணம் அந்தக் காலத்து மனுஷங்க ஏதோ ரகசியம் தெரிஞ்சு வச்சிருந்ததால இல்ல. மாடு வேற மாடு, மாடு வளர்த்த நோக்கமும் வேற.

எங்க மாவட்டத்து மாடு புலிக்குளம் மாடு. மானாமதுரைப் பக்கம் இருக்கிற புலிக்குளம்ங்கிற ஊர்ப் பெயர்தான் அதுக்கு. இன்னைக்கு நகரத்துல இருக்கிறவங்களுக்கு அதை ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு மாடாத்தான் தெரியும். ஆனா அது பிழைச்சது கிடை மாடா. அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரி கிடை போடுவாங்க, சாணியும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், கிடைக்காரருக்கு நெல்லு. பால் அந்தக் கணக்குலயே இல்ல. கன்னு குடிச்சது போக மிச்சம் இருந்தா ஒரு செம்பு வீட்டுக்கு. கன்னு நாள் முழுக்கத் தாயோட ஒட்டிக்கிட்டு நாலு காம்பையும் மாத்தி மாத்திக் குடிச்சா மடியில பால் தங்காது. தங்காத மடியில கிருமிக்கு வேலை கம்மி. சின்ன மடி, இறுக்கமான காம்பு, தரையில உரசாது, சகதி படாது.

அப்படியும் வந்தா? என் அப்பத்தா "மடிக்குக் கண்ணு பட்டிருச்சு"ன்னுதான் சொல்லும். புத்துமண்ணைக் குழைச்சுப் பூசுறது, வேப்பிலை அரைச்சுப் பூசுறது, ரொம்ப முத்தினா சூடு போடுறது. மாட்டு வாகடம்னு ஓலைச்சுவடிகள் உண்டு, மாட்டு வைத்தியம் தெரிஞ்சவங்க ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தாங்க. சில மருந்து கேட்டுச்சு, சிலது கேக்கல. கேக்காத மாட்டுக்குக் காம்பு போச்சு. அந்த மாடு தர்ற அரை செம்புப் பால்ல கால் செம்பு குறைஞ்சா பெரிய நஷ்டமா யாரும் நினைக்கல. இதை மறந்துட்டு 'அந்தக் காலம்'னு பெருமூச்சு விட்டுப் பிரயோசனமில்லை.

இதே நேரத்துல ஐரோப்பாவுல கதை வேற. அங்கே பால் விற்பனைச் சரக்காகி ரொம்ப நாளாச்சு. பெரிய பெரிய தொழுவம், ஒரே ஆள் வரிசையா இருபது மாடு கறப்பார். 1880களில் பிரான்சில் நோக்கார், மொலரோ என்ற இரண்டு கால்நடை மருத்துவர்கள் வீங்கின மடியின் பாலை நுண்ணோக்கியில் பார்த்து, சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டிருக்கும் கிருமிதான் காரணம் என்று எழுதினார்கள். அது ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கறவைக்காரரின் கை வழியாகத்தான் போகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அந்தக் கிருமிக்குப் பிறகு வந்த பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்ஷியே. அகலாக்ஷியே என்றால் கிரேக்கத்தில் 'பால் இல்லாமை'. பொருத்தமான பெயர்தான்.

கைதான் காரணம்னு தெரிஞ்சப்புறம் கையைக் கழுவச் சொல்லியிருக்கலாம். சொன்னாங்க. ஆனா அதுக்குள்ள பெனிசிலின் வந்துருச்சு. 1940களில் போர்க்களத்துக்கு வந்த மருந்து, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மாட்டு மடிக்கும் வந்துவிட்டது. காம்புத் துவாரத்தில் ட்யூபின் நுனியை நுழைத்து மருந்தை உள்ளே அமுக்கினால் போதும். நேத்து வரைக்கும் திரிதிரியா வந்த பால் ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சு வந்தா எந்த விவசாயிக்குத்தான் அது தெய்வமாத் தெரியாது?

இதுக்கு முதல் எதிர்ப்புக் குரல் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. டாக்டர்கள்ட்ட இருந்து இல்ல, பாலாடைக்கட்டி செய்றவங்கள்ட்ட இருந்து. சீஸ் பண்ண பாலை உறைய வைக்கிற நல்ல கிருமிகள் வேணும். ட்யூப் போட்ட மாட்டுப் பால் கலந்துட்டா அந்த நல்ல கிருமியும் செத்துப் போகும், தொட்டி நிறையப் பால் வீணாகும். உங்க வீட்டுல என்னைக்காவது உறை ஊத்தின பால் தயிராகாம அப்படியே நின்னா, அதுக்குப் பத்து காரணம் இருக்கலாம்: குளிர், பழைய உறைமோர், பால் ரொம்பச் சூடு. பதினொண்ணாவது காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

1960களில் இங்கிலாந்தில் ரெடிங் பக்கத்திலிருந்த பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து அம்சத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். கறந்து முடித்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்கு. வந்த நோய்க்கு உடனே வைத்தியம் பார். திரும்பத் திரும்ப வரும் மாட்டைக் கழித்துவிடு. கறவை இயந்திரத்தைச் சரியாக வை. நாலும் நல்ல புத்தி. ஐந்தாவது, பால் வத்தவிடும்போது எல்லா மாட்டுக்கும், நோய் இருக்கோ இல்லையோ, ஆன்டிபயாடிக் போட்டு அனுப்பு. ஐம்பது வருஷம் மேலை நாடுகளில் இதுதான் வேதமாக இருந்தது. நோயும் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் நோயில்லாத மாட்டுக்கு மருந்து போடும் பழக்கம் அங்கேதான் ஊன்றியது.

நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்படி வந்துச்சு? 1903-லேயே மெட்ராஸ்ல கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பிச்சாச்சு. ஆனா அந்தக் காலத்து அரசாங்கத்தோட கவலை அடைப்பான், வெக்கை மாதிரி கூட்டம் கூட்டமா மாட்டைக் கொல்ற நோய்கள். மடிநோயில மாடு பொதுவா சாகாது, பால்தான் போகும். பாலைப் பத்தி அப்ப யாருக்குக் கவலை?

கவலை வந்தது 1970க்கு அப்புறம். அந்த வருஷம் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃப்ரீசியன் என்று கலப்பினக் கொள்கை வகுத்தார்கள். 1981ல் மாநிலப் பால் கூட்டுறவு இணையம், அதாவது நம்ம ஆவின். சிவகங்கை 1985ல் தனி மாவட்டம் ஆகும்போது எங்க பக்கத்துத் தொழுவங்கள்ல செவலை நிற ஜெர்சிக் கலப்பு வர ஆரம்பிச்சிருந்துச்சு. அஞ்சு லிட்டர், எட்டு லிட்டர், பத்து லிட்டர்! அரை செம்பு பார்த்த சனத்துக்கு அது புதையல். கிடை போட்ட மாடு போச்சு, சொசைட்டிக்கு ஊத்துற மாடு வந்துச்சு. காலையும் மாலையும் கேனோட போய் வரிசையில நின்னு, வாரக் கடைசியில கையில காசு. எங்க வீட்டுல என் தங்கச்சி படிச்சதே பால் காசுல.

ஆனா மடி பெருசாச்சு. கன்னைப் பிரிச்சுக் கட்டினோம். பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மட்டும் மடி காலியாகும். புலிக்குளம் மாடு மேய்ச்சல்ல நின்னுச்சு. ஜெர்சி வருஷம் முழுக்கக் கொட்டகைத் தரையில படுத்துச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தத் தரை எப்படி இருக்கும்னு நேர்ல பாத்தாத்தான் தெரியும். இன்னொண்ணு, எங்க பக்கத்துல பால் பீய்ச்சும்போது கட்டை விரலை மடக்கி அதோட முட்டியால காம்பை அழுத்தி இழுக்கிற பழக்கம். சின்னக் காம்புக்கு அது சுளுவு. தினம் ரெண்டு வேளை, பத்து லிட்டர் அப்படி இழுத்தா காம்போட உள்சதை புண்ணாகும். போதாக்குறைக்கு ஒரே கறவைக்காரர் பத்து வீட்டு மாட்டைக் கறந்துட்டு அதே கையோட பதினோராவது வீட்டுக்கு வருவார். பிரான்சுல 1880களில் கண்டுபிடிச்சது நூறு வருஷம் கழிச்சுச் செட்டிநாட்டுத் தொழுவத்துல அப்படியே நடந்துச்சு.

மாடும் நோயும் வந்த வழியிலேயே ட்யூபும் வந்துச்சு. மருந்துக்கடையில சீட்டு இல்லாமலே கிடைச்சுது. மூணு ட்யூப் போடச் சொன்னா ஒண்ணு போட்டதும் பால் தெளிஞ்சா நிறுத்திருவாங்க, காசு மிச்சம். அப்படி அரைகுறையா நிறுத்துறதுதான் கிருமிக்கு நாம வைக்கிற விருந்து: செத்தது சாதுக் கிருமி, மிஞ்சினது மருந்தைத் தாங்கப் பழகின கிருமி. மருந்து போட்ட நாள்லயும், அதுக்கப்புறம் அட்டையில போட்டிருக்கிற நாள் வரைக்கும் பாலை ஊத்தக்கூடாது. ஆனா பத்து லிட்டர் பாலைச் சாக்கடையில கொட்ட யாருக்கு மனசு வரும்? தவணை கட்ட வேண்டியவருக்கு வருமா? இதுல விவசாயியை மட்டும் திட்டுறவங்களோட எனக்குச் சண்டை உண்டு. அந்தப் பாலுக்கு இழப்பீடு தர எந்தத் திட்டத்தையும் நான் பார்த்ததில்லை.

அதே சமயம் பயமுறுத்தவும் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அனுமதித்த அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது 77ல். நூத்துக்கு ஒண்ணேகால்கூட இல்லை. நூறு ரூபாய்ப் பாக்கெட் கம்பெனி இதைச் சொல்லாது. தட்டுல வர்ற எச்சத்தை விட எனக்குப் பெரிய கவலை, தொழுவத்துல வளர்ற மருந்துக்கு அடங்காத கிருமி. அது மாட்டோட நிக்கிறதில்ல. 2019ல் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டதும் அதனால்தான். மனிதருக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது.

மேலை நாடுகளும் திரும்பிப் பார்த்தன. நெதர்லாந்து 2009க்கு அப்புறம் பத்தே வருஷத்தில் பண்ணை ஆன்டிபயாடிக்கைப் பாதிக்கும் மேல் குறைத்தது. பால் வத்தவிடும்போது எல்லா மாட்டுக்கும் மருந்து என்ற அந்தப் பழைய ஐந்தாவது விதியைக் கைவிட்டு, நோய் இருக்கும் மாட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவே, நோய் வருமுன் சும்மா மருந்து போடுவதற்குச் சட்டத் தடை.

இப்ப தஞ்சாவூருக்கு வருவோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தியின் பெயரைப் பசுமை விகடன் படிப்பவர்கள் கேட்டிருப்பீர்கள். ஆங்கில மருத்துவம் படித்த கால்நடை மருத்துவர். ஊர் ஊராப் போய், மாட்டுக்காரர்களும் நாட்டு வைத்தியர்களும் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று பார்த்து, அளவு குறித்தார். தஞ்சாவூரில் மரபு மூலிகை மருத்துவத்துக்கென்றே பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று வந்தது. அவர் மடிநோய்க்குச் சொன்னதில் அதிசயப் பொருள் எதுவும் இல்லை. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு.

250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு. வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்புதான், சுவருக்கு அடிக்கிறது இல்ல. செட்டிநாட்டுக்காரனுக்குச் சுண்ணாம்பைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், எங்க ஊர் வீட்டுச் சுவரெல்லாம் அதோட பெருமைதான். ஆனா மாட்டுக் காம்பு சுவர் இல்ல, அளவு கூடினா வெந்துடும். மூணையும் தண்ணி விடாம அரைச்சா சிவப்பா ஆகும். ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்குதே, அதே சங்கதி. மடியைக் கழுவி, இருக்கிற கெட்ட பாலை முழுசாப் பீய்ச்சி வெளியேத்திட்டு, விழுதுல ஒரு கை எடுத்து 150, 200 மில்லி தண்ணியில கரைச்சு மடி முழுக்கப் பூசணும். காய்ஞ்சதும் கழுவிட்டு மறுபடி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அஞ்சு நாள். தினம் ரெண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தின்னக் கொடுக்கணும், மூணு நாள். பால்ல ரத்தம் வந்தா கறிவேப்பிலையும் வெல்லமும் அரைச்சு உள்ளுக்கு.

இதைப் பாட்டி வைத்தியம்னு நகரத்துல பேசுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சரக்கு பாட்டியோடது. ஆனா எந்த அப்பத்தாவும் கிராம் கணக்குல நிறுத்துப் பூசல, நாளைக்குப் பத்துத் தடவைன்னு எண்ணல. பத்துத் தடவைங்கிறதுதான் இதுல மருந்து. ஒவ்வொரு தடவையும் மடியைத் தொடுறோம், கழுவுறோம், பீய்ச்சுறோம். பழைய காலத்துல கன்னு பண்ணின வேலையை நாம பண்றோம். அந்த ஒழுங்கைச் சேர்த்தது ஒரு பேராசிரியர், இந்த நூற்றாண்டில். அதை தேசியப் பால்வள வாரியம் எடுத்துக்கொண்டு பல மொழிகளில் அச்சடித்துச் சங்கங்கள் வழியாகப் பரப்பியது. கேரளாவில் மில்மாவின் மலபார் ஒன்றியம் மூலிகை மருந்துகளைத் தயாரித்தே கொடுத்தது. நெதர்லாந்து கால்நடை மருத்துவர்கள்கூட இங்கே வந்து கற்றுக்கொண்டு போனார்கள். பெனிசிலின் ட்யூபை நமக்குக் கொடுத்த திசையிலிருந்தே, கற்றாழையைக் கேட்டுக்கொண்டு.

இந்தப் பத்துத் தடவையைச் செய்றது யாரு? பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க. எங்க வீட்டுல என் சம்சாரம். ட்யூப் ஒரு நிமிஷ வேலை. இது அஞ்சு நாள் முதுகு ஒடியிற வேலை. ஆன்டிபயாடிக் இல்லாத பாலுக்குக் கூடுதலா நீங்க கொடுக்கிற காசு இந்தக் கூலிக்கு வந்து சேருதான்னு அந்தக் கம்பெனிக்காரனைக் கேளுங்கன்னு அக்கா மகன்ட்ட சொன்னேன். ஆவின் 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35லிருந்து 38 ஆக்கியது. அந்த 38ல் அஞ்சு நாள் கூலிக்கு இடம் எங்கே இருக்குன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

இது எல்லாத்துக்கும் கேக்குமா? கேக்காது. போன மழைக்கு எங்க தொழுவத்துல ரெண்டு மாட்டுக்கு வந்துச்சு. செவலைக்கு ஒரு காம்பு மட்டும், பால்ல லேசாத் திரி. முதல் நாளே பூச ஆரம்பிச்சோம், நாலாம் நாள் பால் தெளிஞ்சுது. ரெண்டாவது மாடு கன்னு போட்டு ஒரு வாரம்கூட ஆகல. ராத்திரி நல்லா இருந்துச்சு, விடியக்காலம் தீனி எடுக்கல, காதெல்லாம் சில்லுன்னு இருக்கு, பால் மஞ்சத் தண்ணியா வருது. அப்படி வந்தா கற்றாழையைத் தேடிக்கிட்டு நிக்கக்கூடாது. சாணியில இருக்கிற ஈ.கோலை வகைக் கிருமி விஷத்தை ரத்தத்துல கலந்துடும், மாடே போயிடும். 1962-க்கு போன் போட்டு டாக்டரை வரவழைச்சு, குளுக்கோஸ், ஆன்டிபயாடிக் எல்லாம் போட்டுத்தான் பிழைச்சுது. சொன்ன நாள் வரைக்கும் பாலைக் குழி வெட்டி ஊத்தினோம். கன்னுக்குட்டிக்குச் செவலையோட பால்.

மருந்தே வேண்டாம்னு அடம் பிடிக்கிறவங்க சில பேரைப் பாத்திருக்கேன், பெரும்பாலும் நகரத்துல இருந்து வந்து பண்ணை வாங்கினவங்க. மாடு சாகக் கிடக்கும்போது கொள்கை பேசுறது பாவம். ஆன்டிபயாடிக் அந்த ரெண்டாவது மாட்டுக்கு மிச்சம் இருக்கணும்னுதான் செவலைக்குப் போடாம இருக்கிறோம்.

அதுவும் முதல் நாளே கண்டுபிடிச்சாத்தான் நடக்கும். வெளியே தெரியாத மடிநோய்தான் அதிகம். பால் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அளவு குறையும், லேசா உப்புக் கரிக்கும், சொசைட்டியில எஸ்என்எஃப் இறங்கும். 1957ல் கலிபோர்னியாவில் இதுக்கு ஒரு எளிய சோதனை கண்டுபிடித்தார்கள். நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்புப் பால், அதில் சோப்பு மாதிரி ஒரு கரைசல். நோய் இருந்தால் கூழ் மாதிரி கெட்டியாகும். பாகிஸ்தானில் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்தக் கரைசலுக்குப் பதில் துணி துவைக்கும் சர்ஃப் தூளே போதும் என்று காட்டினார்கள். நூத்துக்கு மூணு பங்கு: அரை லிட்டர் தண்ணிக்கு 15 கிராம். நாங்க பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை நாலு டீ கிளாஸ்ல பண்ணிப் பாக்குறோம். கறந்து முடிச்சதும் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும், அது வரைக்கும் மாடு படுக்கக்கூடாது. அதனால தீனியைக் கறக்கிறதுக்கு முன்னாடி வைக்காம, கறந்த பிறகு வைக்கிறோம். கட்டை விரலை மடக்குற பழக்கத்தை எங்க கறவைக்கார அண்ணன்ட்ட இருந்து விடுவிக்கத்தான் ரெண்டு வருஷமாச்சு. இப்பவும் அவசரம்னா விரல் தானா மடங்கும். கையைக் கழுவ வாசல்ல வாளியில தண்ணி வச்சிருக்கோம். அதைத் தாண்டி உள்ளே வந்துட்டார்னா என் சம்சாரம் விடாது, "அண்ணே, வாளி"ன்னு ஒரு சத்தம்தான்.